கீழத் தெரு வீட்டு வரி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறை ஏலக் கோப்பைப் பார்த்து முடித்தேன். பதினோரு மணிக்கு ஆணையாளர் தணிகாசலம் கூப்பிட்டு அனுப்பினார். வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கடம்பன்துறை நகராட்சிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வரி, நிதிக் குழுவின் தலைவர் என்ற முறையில் நான் பார்க்க வேண்டிய படம் ஒன்று வந்திருக்கிறது என்றார்.

ட்ரோன் எடுத்த படம். மேஜை முழுவதும் விரித்திருந்தார். வரி போட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்றாம் வார்டில் கரையைத் தாண்டி, நீல நிறத்துக்குள், முப்பத்தெட்டுப் புள்ளிகள் இரண்டு வரிசையாக நின்றன.

"மேடம், இந்த வீடுங்க எங்க இருக்கு?"

பில் கலெக்டர் சுடலைமுத்து முந்திக்கொண்டார். "அங்கனதான் சார் இருக்கு. தண்ணிதான் மேல நிக்கு."

ஆணையாளர் சிரிக்கவில்லை. நான் விளக்கினேன். அது கீழத் தெரு. கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் கிழக்கு வரிசை, பிறகு மேற்கு வரிசை. கரையில் யாருக்கும் பட்டா கிடையாது; வீட்டு வரி ரசீது ஒன்றுதான் இது என் இடம் என்று சொல்கிற காகிதம். அதனால் வீடு போன பிறகும் வரியை விடவில்லை. ஏப்ரல் முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் வந்து வரிசையில் நிற்பார்கள். கடைத்தெருக்காரர்களுக்குத்தான் நாங்கள் மூன்று முறை நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கிறது.

நகராட்சியிலேயே பாக்கி இல்லாத தெரு இது ஒன்றுதான் என்று சுடலைமுத்து பெருமையோடு சொன்னார்.

ஆணையாளர் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லாத வீட்டுக்கு வரி வாங்குவதைத் தணிக்கையில் என்னவென்று சொல்வது என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

மேற்கு வரிசையில் தெற்கிலிருந்து நான்காவது புள்ளி எங்கள் வீடு.

அக்டோபர் 16, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழு அறையில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். மின்விசிறி சத்தம் கடல் சத்தமாகிவிட்டது. கையில் அளவு நாடாவோடு கீழத் தெருவில் நடக்கிறேன். தலைக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, ஆனால் சேலை நனையவில்லை. தெரு பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கேத்தரினம்மாள் வீட்டு ஜன்னல் வழியாகச் சாளை மீன் கூட்டம் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வெளியே வந்து மேற்கே திரும்பியது. நான் ஒவ்வொரு வீடாக அளந்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீர் லாரி டிரைவர் கையெழுத்துக்கு வந்து எழுப்பினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வலைக்கூடத்துக்குப் போனேன். முன்பு வலை பின்னுகிற கூடம். இப்போது கீழத் தெருக் குடும்பங்கள் பதினொன்று அதில் இருக்கின்றன. மற்றவர்கள் வாடகைக்கும் சொந்தக்காரர்களிடமும் சிதறிப்போனார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் தடுப்பு, கொடியில் போட்ட பழைய சேலைதான்.

என் கணவரின் தங்கை செலஸ்தின் அங்கேதான் இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டும் வரவில்லை. நான் இருப்பது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறை. பஸ் சத்தத்தில் தன்னால் தூங்க முடியாது என்பாள்.

கடல் வாசலுக்கு வந்த அன்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதலில் கழற்றியது கதவைத்தான். பானை சட்டியெல்லாம் பிறகு. மரத்துக்கு விலை உண்டு என்பது ஒன்று. கதவு இருந்தால் அதை வைத்து ஒரு வீட்டை மறுபடி தொடங்கிவிடலாம் என்பது இன்னொன்று. செலஸ்தின் தன் கதவை நான்கு செங்கல்லின் மேல் படுக்கப்போட்டிருக்கிறாள். பகலில் அதில்தான் மீன் ஆய்கிறாள், ராத்திரி அதில்தான் படுக்கிறாள். நாதாங்கி இன்னும் அதில் இருக்கிறது.

எங்கள் கதவை நான் எடுக்கவில்லை. அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை.

சூடை மீன் குழம்பு வைத்துத் தந்தாள். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். சுடலைமுத்து வாயில் எதுவும் நிற்காது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாலை நாலு மணிக்கே கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லாததால் அவர்கள் வீட்டார் நடுச் சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். காற்றுக்கு நூறு திரிகளும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன.

செலஸ்தின் தன் அண்ணனுக்கு ஒன்று ஏற்றினாள். அவர் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. தோணியும் வரவில்லை, தோணியில் போன ஏழு பேரில் ஒருவரும் வரவில்லை. இன்னொரு மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினாள். எனக்கு ஒரு கையில் குடை இருந்தது, இன்னொரு கையில் பை இருந்தது.

பூசையில் வாசிக்கிற பெயர்களில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று பங்குச் சாமியார் ஒவ்வொரு வருடமும் கேட்பது போல இந்த வருடமும் கேட்டார். பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருக்கிறது, சாமி என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

மாவட்டத்திலிருந்து கடிதம். ஆணையாளர் முகத்தில் இன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். கீழத் தெருக்காரர்களுக்கு உப்பளச் சாலையில், மேட்டு நிலத்தில், வீட்டு மனை ஒதுக்குகிறார்கள். முப்பத்தெட்டு மனை. வீடு கட்ட உதவித்தொகையும் உண்டு.

நிபந்தனை இதுதான். பழைய வீடுகள் இல்லை என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டு, வரிப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். தெரு முழுவதும் ஒரே புல எண் என்பதால் எல்லா வீட்டையும் ஒரே தீர்மானத்தில் நீக்க வேண்டும். ஒன்று நின்றாலும் கோப்பு நிற்கும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இறந்திருந்தால் வாரிசு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடியாவிட்டால் நிலம் வேறு ஊருக்குப் போய்விடும்.

தீர்மானத்தை மன்றத்துக்கு அனுப்ப வேண்டியது என் குழு.

ஆணையாளர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். வீட்டுக்காரர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீடு ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடத்துக்கு மேல் தகவல் இல்லையென்றால் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டால் போதும். வக்கீலே எல்லாம் எழுதிவிடுவார். என்னுடைய கையெழுத்து மட்டும் வேண்டும்.

அந்த ஒரு இனத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஜீப் டயர் வாங்குகிற கோப்பைப் பேசினோம்.

நவம்பர் 14, வெள்ளி

கீழத் தெருக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. பழைய வீடுகளின் நீள அகலம் சேர்க்கப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். நீக்குவதென்றாலும் எதை நீக்குகிறோம் என்று இருக்க வேண்டுமல்லவா.

சுடலைமுத்து மேஜை முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "அக்கா, நான் எதைப் பிடிச்சு அளக்க? நீச்சலடிச்சிக்கிட்டா?"

பழைய பதிவிலிருந்து எடுத்து எழுதச் சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

அளவுகளோடு கோப்பு திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் திருப்பினேன். கையில் இருக்கிற ரசீதை வாங்கிக்கொண்டு பிறகு மனை தருகிறோம் என்றால் மக்கள் எதை நம்புவார்கள்? முதலில் பட்டா, பிறகுதான் நீக்கம் என்று எழுதினேன்.

மாவட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறிய அன்றே, அதே கூட்டத்தில், பட்டா கையில். மாலையில் வலைக்கூடத்தில் ஆட்கள் எனக்குச் சால்வை போட்டார்கள். பொருளாளரம்மா இல்லாவிட்டால் நம்மை ஏமாற்றியிருப்பார்கள் என்று ஒருவர் பேசினார். இன்னும் என்னைப் பொருளாளரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து வந்த பெயர்.

செலஸ்தின் கைதட்டவில்லை. கதவின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

அந்தப் பேச்சு பழையதைக் கிளறிவிட்டது. சங்கத் தேர்தலில் நின்றது தோணி போன மறு வருடம். அதுவரை மேடை ஏறியவள் இல்லை. துறைமுக வாசலில் சங்கத்தின் பலகை உண்டு. நிர்வாகிகள் பெயர் பொடி எழுத்தில் இருந்ததால் பெரிதாக எழுதச் சொன்னேன். உப்புக்காற்றில் வருடா வருடம் எழுத்து உரியும். என் கைக்காசில் வண்ணம் பூசினேன். பிறகு கோயில் நிதிக் குழு. பிறகு வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சை. சுவரொட்டியைத் துறைமுகச் சுவரில் ஒட்டச் சொன்னபோது, ஓட்டு இருப்பது மீன் சந்தையில், கப்பலில் வருகிறவனா ஓட்டுப் போடப்போகிறான் என்று கூட இருந்தவர்கள் சடைத்துக்கொண்டார்கள்.

நிதிக் குழுத் தலைவர் பதவி தானாக வந்தது. இரண்டு அணிக்கும் சம பலம். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள்.

கணக்கில் எனக்கு ஆர்வம் உண்டு. அதனால்தான் இதற்கெல்லாம் நின்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

மழை. கோப்பு மூன்றாவது முறை வந்தது. கடலுக்கு வரிப் பட்டியலில் என்ன வகைப்பாடு, காலி மனையா, நீர்நிலையா என்று விளக்கம் கேட்டு எழுதினேன்.

டிசம்பர் 3, புதன்

வலைக்கூடத்தின் மேற்குச் சுவர் விடியற்காலையில் விழுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. செலஸ்தின் காலில் கல் விழுந்து எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் சேறு முட்டி வரை ஏறிவிட்டதால், நான்கு பேர் அவளைக் கதவோடு தூக்கி மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். மழையில் நாதாங்கி ஆடி ஆடி, யாரோ வெளியே நின்று கதவைத் தட்டுவது மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

டிசம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரி. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். செலஸ்தின் தெளிவாக இருக்கிறாள்.

"கதவுல படுத்து ஊர்வலம் வந்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன், மைனி" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

விளக்கம் வந்துவிட்டது, என்னிடம்தான் இருக்கிறது என்றேன்.

சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்து பிறப்பு. செலஸ்தின் இப்போது என் அறையில் இருக்கிறாள். பஸ் சத்தத்தில் நன்றாகத் தூங்குகிறாள்.

ஜனவரி 8, வியாழன்

குழு அறையில் மறுபடி அந்தக் கனவு. இந்த முறை நேராக எங்கள் வீட்டுக்கே போனேன். கதவு சாத்தியிருந்தது. கையை வைத்ததும் திறந்துகொண்டது. உள்ளே ஈரமே இல்லை. பச்சை வெளிச்சம். அவருடைய கட்டம்போட்ட சட்டை ஆணியில் தொங்கியது. அடுப்பில் டீ கொதிக்கிற வாசனை வந்தது. நான் வரிக்காரியாக வந்திருப்பதால் உட்காரக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். அடுப்பங்கரையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சொல்ல வருகிறார் என்று பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் மரத்துப்போய் விழித்தேன்.

வெளியே ஆணையாளர் காத்திருந்தார். இந்த வாரம் மனு போட்டால்தான் மார்ச்சுக்குள் ஆணை வரும் என்று வக்கீல் சொல்கிறாராம். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை.

ஜனவரி 19, திங்கள்

நேற்று தை அமாவாசை. இன்று காலையில் கடல் உள்வாங்கிவிட்டது என்று ஊரே கரைக்கு ஓடியது. சில சமயம் இப்படி நடப்பதுதான், ஆனால் இவ்வளவு தூரம் போய் நான் பார்த்ததில்லை. அலையே இல்லை. தகடு மாதிரித் தண்ணீர் தூரத்தில் பளபளத்தது. நடுவில் கீழத் தெரு வெளியே வந்து கிடந்தது.

யாரும் சத்தம் போடவில்லை. அவரவர் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். படிக்கல்லைத் தேடி, அதில் ஏறி, உள்ளே போய் நின்றார்கள். சுவரெல்லாம் முட்டிக்கு மேல் இல்லை. ஆனாலும் யாரும் சுவரைத் தாண்டி நடக்கவில்லை. வாசல் வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். கேத்தரினம்மாள் தன் ஆட்டுரலைக் கண்டுபிடித்து, அதன் குழியிலிருந்த நண்டை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்கள் ஜன்னல் இருந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொழுது போனதே தெரியவில்லை.

செலஸ்தின் கம்பு ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேற்கு வரிசை, தெற்கிலிருந்து நான்காவது. படி இருந்தது. நிலை இருந்தது, கருங்கல் நிலை. கதவு இல்லை. கீல் இருந்த இடத்தில் துருவின் தடம் மட்டும். உள்ளே பாசி, மணல், சிப்பி. ஆணி அடித்த சுவர் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"கதவு போயிட்டு" என்றேன். "அன்னைக்கு ஆள் கெடைக்கல."

செலஸ்தின் நிலையில் சாய்ந்து நின்றாள். "ஆள் கெடைக்காமலா? நாங்க நாலு பேரு கடப்பாரையோட நின்னோம். நீங்கதான் வேண்டாம்னிய. பூட்டு போடாதிய, சும்மா சாத்தி வைங்கன்னு சொன்னிய."

தெரு முனையில் யாரோ யாரையோ வீட்டுக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மைனி, அண்ணன் வந்துச்சுன்னா இந்தச் செவத்தையா தேடும்? ஒங்களத்தான் தேடும். துறைமுகத்துல எறங்கி, பிரகாசி எங்கன இருக்கான்னு யார்ட்ட கேட்டாலும் கை காட்டுவாவ. ஊரு பூரா ஒங்க பேரத்தான் எழுதி வச்சிருக்கியளே." பிறகு காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "எனக்கு ஒரு வாசல் வேணும், மைனி. கதவு கெடக்கு, வாசல் இல்ல."

பன்னிரண்டு மணிவாக்கில் தண்ணீர் திரும்பி வந்தது. அவசரமில்லாமல், முதலில் தெருவுக்கு, பிறகு படிக்கு, பிறகு உள்ளே. எல்லோரும் கரையேறி நின்று அது மூடுவதைப் பார்த்தோம்.

ஜனவரி 21, புதன்

வக்கீல் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மனுவை வாசித்துக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். திரும்பும்போது செலஸ்தினுக்கு மாத்திரை, அரைக் கிலோ சின்ன வெங்காயம்.

குழுக் கூட்டத்துக்குத் தேதி குறித்துக் கோப்பை ஆணையாளருக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 11, புதன்

வரவு செலவுத் திட்ட வேலை. துப்புரவுப் பணியாளர்களுக்கு ரப்பர் காலணிக்கு ஒதுக்கியதை எங்கோ மாற்றிவிட்டிருந்தார்கள், திரும்ப வைத்தேன். மதியம் கண் அசந்தேன். கனவு எதுவும் வரவில்லை. மின்விசிறி மின்விசிறியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

நீதிமன்ற ஆணை வந்தது. மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

நகர்மன்றக் கூட்டம். பார்வையாளர் பகுதியில் கீழத் தெருக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெண்களெல்லாம் கோயிலுக்கு வருவது போல முக்காடு போட்டிருந்தார்கள். தாலுகா ஆபீஸ் ஆட்கள் பட்டாக் கட்டை மேஜையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

தீர்மானத்தைக் கொண்டுவருகிற குழுத் தலைவர்தான் பட்டியலை மன்றத்தில் வாசிக்க வேண்டும். வரி எண், வீட்டுக்காரர் பெயர், நீக்கலாம். ஒவ்வொன்றாக.

எனக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டோம். செலஸ்தினின் அண்ணன் என்பேன், அவர் என்பேன். ஓட்டுக் கேட்டுப் போனபோதுகூட வீட்டுக்காரர் பெயர் கேட்டால் கூட வந்தவர்கள்தான் சொல்வார்கள். இது சுடலைமுத்துவுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் அருகே வந்து, "நான் வேணா வாசிச்சுருதேன் அக்கா, தொண்டை சரியில்லன்னு சொல்லிருவோம்" என்றார். தொண்டை சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

கிழக்கு வரிசையில் தொடங்கினேன். ஒரு பெயரை வாசித்ததும் அந்த வீட்டார் பார்வையாளர் பகுதியில் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே அப்படி நடந்தது. நின்றவர்கள் உட்காரவும் இல்லை. பெயர் பெயராக அறை எழுந்துகொண்டே வந்தது. உறுப்பினர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மேற்கு வரிசை. நான்காவதுக்கு வந்தேன். எண்ணை வாசித்தேன். தண்ணீர் குடித்தேன்.

"தஸ்நேவிஸ்."

என் குரலில் அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மைக்கில் போய், வராந்தா ஒலிபெருக்கியில் ஒருமுறை மோதித் திரும்பி வந்தது. வெளியே யாரையோ கூப்பிட்டது போல இருந்தது. பின்னால் செலஸ்தின் கம்பை ஊன்றி எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"நீக்கலாம்" என்றேன். மீதியையும் வாசித்து முடித்தேன். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது.

ஆணையாளர் என் பட்டாவை அவரே எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

அரையாண்டின் முதல் வாரம். காலை பத்து மணிக்கு வரி கவுண்டர் முன்னால் கீழத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பணத்தோடு நின்றார்கள். பழக்கம். சுடலைமுத்து எண்ணைப் போட்டுப் பார்த்துக் கணினி ஏற்கவில்லை என்று காட்டியதும், கொஞ்ச நேரம் கலைந்து போகாமல் நின்றார்கள். கடைசியில் அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நானும் அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வேறு வேலையாக வந்தேன்.

மே 18, திங்கள்

உப்பளச் சாலை. வெள்ளை வெயில். உப்புக் குவியலும் மேகமும் எது எது என்று தெரியாதபடி தூரத்தில் மிதக்கின்றன. செலஸ்தின் வீட்டுக்குச் சுவர் இடுப்பளவுதான் எழுந்திருக்கிறது, ஆனால் நிலையை நிறுத்திக் கதவை மாட்டிவிட்டாள். கொத்தனார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். சுற்றிலும் திறந்து கிடக்க, கதவைத் திறந்துதான் என்னை உள்ளே வரச் சொன்னாள். உள்ளே போனதும் சாத்தினாள். நாதாங்கியைப் போட்டாள். நாங்கள் வானத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தோம்.

என் மனை அடுத்தது. கதவுக்கு என்ன மரம் என்று கேட்டாள். இப்போதைக்கு வாசல் மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெயில் காலம், காற்று வரட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

புதுத் தெருவுக்கும் கீழத் தெரு என்றே பெயர் வைத்துத் தீர்மானம் போட்டோம். வார்டு எல்லையும் மாறுவதால் பழைய கரையில் ஒரு பலகை வேண்டும் என்று குறிப்பெழுதினேன். தணிக்கையில் கேள்வி வரும் என்று ஆணையாளர் சொன்னதால் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: கீழத் தெரு, உப்பளச் சாலை, மூன்று கிலோமீட்டர். ஓர் அம்புக்குறி. அதன் கீழே, பலகை வைத்தவர் என்று என் பெயர். மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

காலையில் நட்டார்கள். குழி தோண்டுகிறவர்களிடம் பலகையைத் திருப்பி வைக்கச் சொன்னேன். சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ரோட்டைப் பாத்துல்லா இருக்கணும்? கடலப் பாத்து வச்சா யாரு படிப்பா?"

கிழக்கே பார்த்திருந்தால் காலை வெயில் நேராக விழும், எழுத்து நன்றாகத் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் மும்முரமாகிவிட்டார்.

அவர்கள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் அளவு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். படிக்க முடிந்தது. இடுப்பளவு வரை போய்ப் பார்த்தேன். அங்கிருந்தும் படிக்க முடிந்தது.